மலைக் காற்றுக்கும் மாதம் உண்டு

கொழும்பிலிருந்து உறவினர் யார் வந்தாலும் கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலயில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொல்வது ஒன்றுதான்: "உங்களுக்கென்ன, நல்ல காத்து." ஜூன், ஜூலையில் வந்தவர் சொன்னால் ஒத்துக்கொள்வேன். தென்மேல் பருவக்காற்று அப்போது மகாவலிப் பள்ளத்தாக்கைத் துடைத்துவிட்டுப் போகும். ஜனவரியில் வருகிறவரைக் காலை ஆறு மணிக்கு எழுப்பி வெளியே கூட்டிப்போக வேண்டும்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. மேகமில்லாத, காற்று அசையாத இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. ஹந்தானைச் சரிவிலும் மற்றக் குன்றுகளிலும் இருந்து இறங்கி, பள்ளத்திலேயே தங்கும். அதற்கு மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் படியும். டீசல் புகை, குப்பை கொளுத்தும் புகை, அடுப்புப் புகை, காய்ந்த மாதங்களில் பத்தனை மலைகளில் மானாப்புல் எரியும் புகை, எல்லாம் அந்த மூடிக்குக் கீழேதான். வெயில் ஏறித் தரை சூடானால்தான் அது திறக்கும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது அம்மாவின் இழுப்பால். குளிர் மாதங்களில் அவருக்கு இரவெல்லாம் நெஞ்சு விசிலடிக்கும். பம்பை உறிஞ்சிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியும் வரை இருப்பார். கண்டி பஸ்களின் கரும்புகைதான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ் புகையைத் திட்டுவது எளிது. சொல்லக் கூசியது வேறொன்று. அம்மாவின் நெஞ்சை முதலில் அரித்தது எங்களுக்குச் சோறு போட்ட அடுப்பு.

தோட்டத்து லயத்தில் எங்கள் காம்பராவின் குசினிக்குப் புகைபோக்கி கிடையாது. கூரைத் தகரம் கரியேறித் தார் பூசியதுபோல் இருக்கும். மழைநாளில் ஈர விறகை ஊதி ஊதி, கண் சிவந்து, விடியுமுன் ரொட்டி சுட்டுவிட்டுத்தான் அம்மா கொழுந்தெடுக்கப் போவார். அந்த ரொட்டியைத் தின்றுதான் படித்தேன். அந்தப் புகையைக் குற்றம் சொல்வது அம்மாவின் உழைப்பையே குற்றம் சொல்வதுபோல் எனக்குப் பட்டது. ஒருநாள் மெதுவாகப் பேச்செடுத்தேன். "அந்த அடுப்பக் கொற சொல்லாத புள்ள. அதுலதான் நீங்க மூணு பேரும் வளந்தீங்க" என்றார். அதற்குமேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

2022இல் நாடெங்கும் கேஸ் தட்டுப்பாடு. லயத்தை விட்டு வந்து குடியிருந்த பல்லேகல வீட்டிலும் விறகு அடுப்பு மூட்டினோம். அந்த வருடம் டிசம்பரில் நக்கிள்ஸ் மலைகள் கண்ணுக்கு மறைந்தன. வங்கக் கடலில் மாண்டஸ் புயல். வடக்கே இந்தியாவிலிருந்து மாசடைந்த காற்று தீவுக்குள் இழுபட்டு வந்தது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கியது. டிசம்பர் 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வெளியேயிருந்து வந்த தூசிக்கு மேல் எங்கள் குசினிப் புகையும் சேர, அம்மா பேச்சை முடிக்க முடியாமல் மூச்சுக்குத் தவித்த அந்த நாட்களில்தான் என் கூச்சம் விட்டுப்போனது. அடுப்பைப் பின்வாசலுக்கு வெளியே மாற்றினேன். அவரைக் கேட்கவில்லை. அம்மா இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே வந்து, "இங்கனக்குள்ள மழைச் சாரல் அடிக்கும், ஒரு தகரம் போடு" என்றார்.

நுண்தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவு, ஒரு நாளுக்குக் கனமீற்றரில் 15 மைக்ரோகிராம். இலங்கைச் சட்டம் 50 வரை விடுகிறது. அந்த 50 கூட நாள் முழுவதுக்குமான சராசரிதான். காலை ஆறரைக்கு ஒரு நோயாளியின் நெஞ்சுக்குள் போவது என்ன என்பதை ஒரு நாள் சராசரி சொல்லாது.

எனக்கு ஆறாத கோபம் இந்த நேரக் கணக்கில்தான். அம்மாவின் மாதாந்த கிளினிக்குக்கு இலக்கம் எடுக்க விடியற்காலையிலேயே போய் நிற்க வேண்டும். பல்லேகலயிலிருந்து போகிற பஸ் குண்டசாலையைத் தாண்டி, தென்னக்கும்புர பாலத்தருகே பள்ளிக்கூட வான்களுக்கும் லொறிகளுக்கும் நடுவே அகப்பட்டு நிற்கும். மூடி இன்னும் திறக்காத நேரம் அது. மருந்து வாங்கப் போகிற வழியிலேயே இழுப்புக்காரர்கள் நகரத்தின் மோசமான காற்றைக் குடிக்கிறார்கள். வசதியுள்ளவர் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். அம்மாவைப் போன்றவர் ஜன்னலோரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரையாவது நெஞ்சு நோயாளருக்குப் பத்து மணிக்குப் பிறகு இலக்கம் தர வேண்டும் என்று தமிழிலும் சிங்களத்திலும் மனு எழுதியிருக்கிறேன். கிளினிக் வாங்கில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் குண்டசாலை ஆச்சி முதல் கையெழுத்துப் போட்டார். திகனயிலிருந்து வருகிறவர்களிடம் அடுத்த கிளினிக் நாளில் கேட்கப் போகிறேன்.