ஸ்டோர் சாவி

4.8.2025, திங்கள்

வலது தோள் வலி. நேற்று ஆடிப்பெருக்குக்கு அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனபோது சக்கர நாற்காலியைத் தூக்கிக் காரில் வைத்த வலி. தைலம் தேய்த்தும் அடங்கவில்லை.

ஆடிட் அறிக்கை வந்தது. ஒரே ஒரு வரியில் நின்றுவிட்டேன். பொது நிர்வாகிக் கணக்கைப் பயன்படுத்தியவர் யார் என்று உறுதிசெய்ய முடியவில்லையாம்.

எங்கே முடியும்? ஐடி ஆட்கள், எடைமேடை கான்ட்ராக்டர், சம்பள மென்பொருள்காரர், சிசிடிவி பார்க்க வருபவர். எல்லாருக்கும் அதே ‘அட்மின்’, அதே பாஸ்வர்ட். எங்கள் ஐடியில் மூத்தவரான பெரியண்ணன் என்றோ வைத்தது. மாற்றினால் எது நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது.

மாதக் கடைசிக்குள் இப்படிப்பட்ட கணக்குகளைப் பூட்டிக் காக்கும் மென்பொருள்களை ஒப்பிட்டு ஒன்றைச் சொல் என்றார் மேனேஜர். சரி என்றேன். எதற்கு அவ்வளவு வேகமாகச் சரி என்றேன்?

5.8, செவ்வாய்

“மைக்ரோசாஃப்ட் என்ட்ராதான் இருக்கே, அது போதாதா?” மேனேஜர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

போதாது. வருபவர் இன்னார் என்று பார்த்து உள்ளே விடுவது என்ட்ராவின் வேலை. உள்ளே போனவர் சர்வரில் ‘அட்மின்’ என்று உட்கார்ந்து என்ன செய்தார் என்பது வேறு. என்ட்ராவிலுள்ள பிம் வசதி எனக்குப் பிடிக்கும். யாருக்கும் நிரந்தர அதிகாரம் கிடையாது. காரணம் எழுதிக் கேட்டால் சில மணி நேரத்துக்குக் கிடைக்கும், பிறகு தானாகப் போய்விடும். ஆனால் அதற்குப் பி2 உரிமம் வாங்க வேண்டும். வாங்கினாலும் எங்கள் செம்பனை மில்லில் கிடக்கும் பழைய எஸ்கியூஎல் சர்வரை அது காப்பாற்றாது.

இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார். புரிந்த தலையாட்டல் இல்லை.

வெறும் வயிற்றில் வெள்ளைக் காப்பி குடித்திருக்கக்கூடாது. நெஞ்செரிச்சல்.

6.8, புதன்

சுங்கை சிப்புட். மில்.

பால்மரம் நின்ற இடமெல்லாம் செம்பனை. தொழிலாளர் பெயர் கூப்பிட்ட பெரட்டுக்களத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். அப்பா வேலை செய்த தோட்டம் இன்னும் உள்ளே. போகவில்லை. நேரம் இருந்தது. போகவில்லை.

எடைமேடை அறையில் ஏர்கான் ஒழுகுகிறது. பழக்குலை லாரிகள் கேட் வரைக்கும் வரிசை. கம்ப்யூட்டர் மானிட்டரின் கீழ்விளிம்பில் செல்லோடேப் ஒட்டிய துண்டுச்சீட்டு, நீல மையில் பாஸ்வர்ட். வெயில்பட்டு மை வெளுத்ததால் யாரோ மேலேயே மறுபடி எழுதியிருக்கிறார்கள். அந்த மெஷினில் ஒரு நோட்பேட் ஃபைல். அதில் டேட்டாபேஸின் முழு அதிகாரமும் உள்ள எஸ்ஏ கணக்கின் பாஸ்வர்ட் அப்படியே கிடக்கிறது. எடை எண்ணை அந்தக் கணக்கால் மாற்றலாம். மாற்றினால் எஸ்ஏ மாற்றியது என்று மட்டும் இருக்கும்.

எடை போடும் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். ஒரு லாரிக்கு எடை குறைந்தால் முதலில் யாரைக் கேட்பார்கள்? அந்தப் பிள்ளையைத்தான்.

திரும்பும் வழி முழுக்க அதே நினைப்பு.

8.8, வெள்ளி

ஆடி வெள்ளி. விளக்கேற்றினேன், கும்பிட மனம் நிற்கவில்லை.

சைபர்ஆர்க் டெமோ. 1999-இலிருந்து இதே வேலையாக இருப்பவர்கள், அது தெரிகிறது. பாஸ்வர்டைப் பெட்டகத்தில் பூட்டி, தானே மாற்றி, மனிதன் கண்ணிலேயே காட்டாமல் சர்வரில் நுழைத்துவிடுகிறது. ஆசையாக இருந்தது. சொந்த இடத்தில் வைப்பதென்றால் பெட்டகத்துக்கு ஒரு சர்வர், வலைப்பக்கத்துக்கு, பாஸ்வர்ட் மாற்றுவதற்கு, பதிவு செய்வதற்கு என்று தனித்தனியாகக் கேட்கிறது. கிளவுடிலும் உண்டு. நம்மிடம் ஆள் எங்கே?

போன வாரம்தான் பாலோ ஆல்டோ நிறுவனம் இதை வாங்கப் போவதாக அறிவிப்பு, ஏறக்குறைய 2,500 கோடி டாலருக்கு. விற்பனைக்காரர் குரலில் தீபாவளி. எனக்குக் கலக்கம். கைமாறியபின் சின்ன வாடிக்கையாளரை யார் கவனிப்பார்?

ஆனாலும் அதுதான் நல்லது. எழுதி வைக்கிறேன். அதுதான் நல்லது.

11.8, திங்கள்

இல்லை. சைபர்ஆர்க் நமக்கு இல்லை. விலைத்தாள்கள் வந்துவிட்டன. ஒன்றைப் பார்த்ததும் மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

டெலினியா: தைகோட்டிக்கும் சென்ட்ரிஃபையும் 2021-இல் சேர்ந்தது, மறு வருடம் இந்தப் பெயர். ஓடுவது விண்டோஸ் சர்வரிலும் எஸ்கியூஎல் சர்வரிலும். பெரியண்ணனுக்குக் கைவந்தது. பியாண்ட்டிரஸ்ட்: வெளி கான்ட்ராக்டரை விபிஎன் இல்லாமலே அவர் தொட வேண்டிய மெஷினுக்கு மட்டும் விடலாம். எடைமேடைக்காரருக்கு அளவெடுத்துத் தைத்தது போல. மேனேஜ்எஞ்சின் பேம்360: ஒரே சர்வர், டேட்டாபேஸ் கூடவே வருகிறது, நிர்வாகிகளின் எண்ணிக்கைக்குத்தான் காசு. சென்னை ஜோஹோவுடையது.

கண் எரிகிறது. அப்பா ராத்திரி இரண்டு முறை எழுந்தார்.

12.8, செவ்வாய்

பேம்360 டெமோ. எதிர்முனையில் சென்னைப் பையன். பெயரைப் பார்த்துவிட்டு, “அக்கா, தமிழ்லயே பேசலாமா?” என்றான். இத்தனை வருட ஐடி வேலையில் சர்வரைப் பற்றித் தமிழில் பேசினதே இல்லை. மனசு லேசாகிவிட்டது. தமிழ் பேசினான் என்பதற்காக மதிப்பெண் போடக்கூடாது.

போடவில்லை. 2022-இல் இதில் வந்த ஓட்டையைக் கேட்டேன். பாஸ்வர்டே இல்லாமல் வெளியிலிருந்து உள்ளே புகுந்து என்ன வேண்டுமானாலும் ஓடவிடலாம் என்ற அளவுக்கு இருந்தது அது. மழுப்பவில்லை. எந்தப் பதிப்பில் சரிசெய்தார்கள் என்று சொன்னான்.

செஷன் பதிவை ஓட்டிக் காட்டினான். பெரியண்ணன் சோதனை சர்வரில் தட்டியது ஒவ்வொன்றும் வீடியோவாக ஓடியது. தவறாகத் தட்டி அழித்தது வரைக்கும்.

பெரியண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

13.8, புதன்

“என்னைத் திருடன்னு நெனைக்கிறீங்களா தங்கச்சி?”

பாண்ட்ரியில், மற்றவர்கள் இருக்கும்போதே. கோபமாகக்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கரண்டு போன ராத்திரியெல்லாம் புந்தோங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் மில்லுக்குப் போனவர்.

இல்லைண்ணே, உங்களுக்காகத்தான் என்றேன். எப்படி என்று கேட்டார். சொல்ல வரவில்லை.

14.8, வியாழன்

எரிச்சல். எல்லார் மேலும். பெரியண்ணன் மேலும்தான். பாஸ்வர்டை விடமாட்டேன் என்றால் என்ன செய்வது?

மேனேஜர் சான் பிரான்சிஸ்கோ கதையை எடுத்தார். 2008-இல் டெர்ரி சைல்ட்ஸ் என்ற நகராட்சி நெட்வொர்க் பொறியாளர் பாஸ்வர்ட் தர மறுத்து ஜெயிலுக்கே போனார், கடைசியில் மேயர் நேரில் வந்த பிறகுதான் கொடுத்தார். “நம்ம பெரியவரும் அப்படிச் செஞ்சா?”

வாய்க்கு வந்ததை விழுங்கினேன். காதெல்லாம் சூடு. தனி ஒரு ஆள் தலையில் அத்தனையையும் சுமத்தியது நகராட்சி. இங்கே சுமத்தியது நாம்.

17.8, ஞாயிறு

அப்பாவின் தகரப்பெட்டியைத் துடைத்தேன். துன் சம்பந்தன் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்குச்சீட்டு. அதற்கடியில் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்த கடிதம். தோட்டத் துரை கையெழுத்து. எத்தனை வருடமாகியும் அதை எறியவில்லை அவர்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஸ்டோரில் உரமூட்டை குறைந்தது. ஸ்டோர் சாவி கிராணியிடம்தானே இருந்தது என்றார்கள். அந்தக் கிராணி, தோட்டத்து எழுத்தர், அப்பாதான். துரை பங்களாவில் இன்னொரு சாவி இருந்ததும் எல்லாருக்கும் தெரியும். யார் எந்தச் சாவியால் திறந்தார்கள் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள், சம்பளம் இல்லை. நான் ஆறாம் ஆண்டு. பள்ளி பஸ்ஸில் ஒரு பிள்ளை ‘உரக்கள்ளன் மகள்’ என்றாள்.

பிறகு வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். திருடினார் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். பெட்டியை மூடு என்றார்.

18.8, திங்கள்

பெரியண்ணனிடம் சொல்லிவிட்டேன். கடிதத்தைப் பற்றி இல்லை. ஸ்டோர் சாவி ஒரு ஆளிடம் இருந்தது என்ற அளவுக்கு. அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். தேத்தண்ணி ஆறும்வரை பேசவில்லை.

“அப்ப நான் தட்டாதது தட்டலன்னும் அதுல இருக்குமா?”

இருக்கும் அண்ணே.

19.8, செவ்வாய்

மறுபடி அவநம்பிக்கை. மூன்று மணிக்கு விழித்துப் படித்துக்கொண்டிருந்தேன். 2023-இல் உள்நுழைவுச் சேவை தரும் ஓக்டாவின் உதவிப் பிரிவில் புகுந்து வாடிக்கையாளர்களின் ஃபைல்களை எடுத்தார்கள். அதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்களில் பியாண்ட்டிரஸ்ட் ஒன்று. 2024 டிசம்பரில் அந்த பியாண்ட்டிரஸ்டின் சாவி ஒன்று திருடுபோய் அமெரிக்கக் கருவூலத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். காவலுக்கு வைத்தவர்களே உடைபட்டிருக்கிறார்கள்.

பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

கலோனியல் பைப்லைன், 2021. யாரும் பயன்படுத்தாத பழைய விபிஎன் கணக்கு, ஒரே பாஸ்வர்ட், இரண்டாவது சோதனை கிடையாது. அவ்வளவு பெரிய எண்ணெய்க்குழாய் நின்றது. நம்மிடம் அப்படி எத்தனை கணக்கு உயிரோடு இருக்கிறது? பாடு அதற்குத்தான். தூங்கவில்லை.

21.8, வியாழன்

மேனேஜர்: “854 சைபர் பாதுகாப்புச் சட்டத்தில் நம்மை இன்னும் சேர்க்கலையே.” சேர்க்கவில்லைதான். ஆனால் முக்கியத் துறைகள் 11-இல் வேளாண்மையும் தோட்டமும் ஒன்று. சேர்த்துவிட்டால் சம்பவம் தெரிந்து 6 மணி நேரத்தில் அறிவிக்க வேண்டும். அது கிடக்கட்டும். தனிநபர் தரவுச் சட்டம் நமக்கும் உண்டு, தரவு கசிந்தால் அறிவிக்க ஜூன் 1 முதல் 72 மணி நேரம். வங்காளதேசத் தொழிலாளிகளின் பாஸ்போர்ட் நகல் முழுக்க அந்தச் சம்பள சர்வரில்.

இந்த முறை தலையாட்டியது வேறு மாதிரி இருந்தது.

23.8, சனி

மில்லில் சோதனை. வேண்டுமென்றே இணைய லைனைக் கழற்றினோம். இடி விழுந்தால் இங்கே முதலில் போவது லைன்தான். பெட்டகம் ஈப்போவில், லாரி சுங்கை சிப்புட்டில். பாஸ்வர்ட் இல்லாமல் எடைமேடை நிற்கக்கூடாது.

அவசரக் கணக்கு. பாஸ்வர்டை இரண்டு பாதியாக எழுதி இரண்டு கவர். ஒன்று மில் அலுவலக இரும்புப்பெட்டியில், ஒன்று பெரியண்ணன் பொறுப்பில். வாய் ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் இரண்டு பேர் கையெழுத்து. பிரித்தால் வேலை முடிந்ததும் பாஸ்வர்ட் மாறும்.

ராத்திரி சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “கவர ஒடச்சவன் பேரு எழுதற புக்கு எங்க இருக்கும்?” என்றார்.

அது என் பட்டியலில் இல்லை. திங்கள் வாங்க வேண்டும். பக்க எண் அச்சடித்தது, கிழிக்க முடியாத தையல்.

26.8, செவ்வாய்

முடிவு: பேம்360. முதலில் எடைமேடை, சம்பளம், பேக்கப். கான்ட்ராக்டர்களும் அது வழியாகத்தான். மற்றது அடுத்த வருடம். அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு விண்டோஸ் லேப்ஸ் போதும், காசு வேண்டாம், ஒவ்வொரு மெஷினுக்கும் தனி அட்மின் பாஸ்வர்ட். பேட்ச் வந்தால் 48 மணி நேரத்தில் போட வேண்டும், அதை என் பெயரில் எழுதிக்கொண்டேன். பெரியண்ணன் நானும் கூட இருக்கேன் என்று அவர் பெயரையும் எழுதச் சொன்னார்.

தோள் இன்று பரவாயில்லை.

28.8, வியாழன்

நேற்றைய சதுர்த்திக் கொழுக்கட்டை மீதம் இருந்தது, அதுதான் பசியாறல்.

மேனேஜர் திட்டத்தைப் படித்தார். எல்லாம் சரியாம். ஒரு சின்ன மாற்றம்: டைரக்டர் கணக்கும் அவருடைய கணக்கும் பெட்டகத்துக்கு வெளியே இருக்கட்டுமாம். பதிவும் வேண்டாமாம். “பெரியவங்க கணக்கு. அவசரத்துக்கு.”

கை குளிர்ந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

29.8, வெள்ளி

யோசிக்க ஒன்றும் இல்லை.

ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். அவசரத்துக்கு இரண்டு கவர் இருக்கிறது, புத்தகமும் வரப்போகிறது. வெளியே ஒரு கணக்கு இருந்தால் உள்ளே இருக்கும் பதிவு எதையும் நிரூபிக்காது. எடை குறைந்தால் பெரியண்ணனையும் எடை போடும் பெண்ணையும்தான் கேட்போம், பெரியவர்களைக் கேட்கமாட்டோம். அதை அப்படியே எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன்.

விதிவிலக்கு வைத்தால் திட்டத்தில் என் கையெழுத்து இருக்காது என்றும் சேர்த்தேன். டைரக்டருக்கும் ஒரு பிரதி. அனுப்பிவிட்டேன்.

31.8, ஞாயிறு

மெர்டேக்கா. அப்பா டிவியில் அணிவகுப்புப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். பதில் இல்லை.

1.9, திங்கள்

லீவு. இன்னும் பதில் இல்லை. வயிறு சரியில்லை. நான் செய்தது அதிகப்பிரசங்கித்தனமோ என்று மத்தியானம் ஒரு மணி நேரம் தோன்றியது. பிறகு இல்லை.

பெரியண்ணன் கூப்பிட்டார். புத்தகம் கிடைச்சிருச்சு தங்கச்சி, தையல் போட்டது, பக்க எண்ணோட, லிட்டில் இந்தியா கடையில என்றார். முதல் பக்கத்தில் கோடு போட்டுவிட்டாராம்: தேதி, நேரம், பெயர், காரணம், கூட இருந்தவர்.

புதன்கிழமை கூட்டம். டைரக்டரும் வருகிறார். வெள்ளியன்று அனுப்பிய கடிதத்தை நானே வாசிக்கப் போகிறேன்.