மாட்டிவிடப்பட்ட போதகர்

ஹாலிவுட் த்ரில்லர்களில் யாரை வேண்டுமானாலும் கொலைப்பழியில் மாட்டிவிடுவார்கள். டாக்டர், வக்கீல், போலீஸ்காரர்... 2014ல் வந்த 'பெர்செக்யூட்டட்' படத்தில் மாட்டுவது ஒரு சுவிசேஷகர். டேனியல் லஸ்கோ எழுதி இயக்கிய படம்.

கதை சிம்பிள்தான். ஜான் லூதர் (ஜேம்ஸ் ரெமார்) அமெரிக்காவில் ஊரறிந்த போதகர். ஒரு காலத்தில் போதையில் சீரழிந்து மீண்டவர். எல்லா மதங்களையும் சமமாக நடத்தச் சொல்லும் ஒரு மசோதாவுக்கு ஆதரவு கேட்டு செனட்டர் வருகிறார். இவர் முடியாது என்கிறார். அவ்வளவுதான்! மயக்க மருந்து, ஒரு இளம்பெண்ணின் கொலை, போலீஸ் துரத்தல், ஓட்டம்.

லூதர் என்று பெயர் வைத்துவிட்டு, அவர் அப்பாவை கத்தோலிக்கப் பாதிரியாராக்கியது நல்ல குறும்பு. அந்தப் பாதிரியாராக வரும் பிரெட் தாம்சன் நிஜத்தில் டென்னசியின் செனட்டராக இருந்தவர். படத்தில் செனட்டர் வில்லன், நிஜ செனட்டர் சாமியார்!

விமர்சகர்கள் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அதில் நியாயம் உண்டு. அந்த மசோதா யாரை என்ன செய்யும் என்றே படம் ஒழுங்காகச் சொல்வதில்லை. மத சுதந்திரத்தை 1791லிருந்து அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கும், கிறிஸ்தவர்களே பெரும்பான்மையாக வாழும் நாட்டில் ஒரு போதகரை ஒடுக்க வேண்டுமென்றால் இவ்வளவு பெரிய சதி தேவைப்படுகிறது. 'மற்றவர்களும் சமம்' என்பதையே துன்புறுத்தலாகக் காட்டுவதுதான் உறுத்தல்.

ஆனால் படம் வந்து இரண்டே வருடத்தில், ஒரு அமெரிக்கப் போதகர் நிஜமாகவே மாட்டினார். துருக்கியில்.

ஆண்ட்ரூ பிரன்சன். இஸ்மிர் நகரில் ஒரு சின்ன சபையின் பாஸ்டர். இருபது வருடத்துக்கு மேல் அங்கே குடியிருந்தவர். 2016 ஜூலையில் நடந்த ராணுவப் புரட்சி முயற்சி தோற்றது. அக்டோபரில் இவரைப் பிடித்தார்கள். தீவிரவாதிகளுக்கு உதவினார், உளவு பார்த்தார் என்று வழக்கு. 35 வருடம் வரை கேட்டது அரசுத் தரப்பு. ஆதாரம்? பெரும்பாலும் பெயர் சொல்லாத ரகசிய சாட்சிகள். எட்டுப் பேருக்கான சிறை அறையில் இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு அடைத்தார்கள். அதில் இவர் ஒருவர்தான் கிறிஸ்தவர்.

இங்கே துரத்தலும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. ஃபைல்கள், வாய்தாக்கள், காத்திருப்பு. 2017ல் அதிபர் எர்டோகன், அமெரிக்காவில் இருந்த மதகுரு குலெனைக் குறிப்பிட்டு, 'எங்கள் ஆளைக் கொடுங்கள், உங்கள் பாஸ்டரைத் தருகிறோம்' என்கிற மாதிரி வெளிப்படையாகவே பேசினார். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் வில்லனுக்கு இப்படி வசனம் எழுதமாட்டார், நம்ப மாட்டார்கள் என்று.

ஜான் லூதர் கடைசிவரை உறுதியாக நிற்பார், ஹீரோ அல்லவா. பிரன்சன் அப்படி நிற்கவில்லை. பயந்தார், உடைந்தார், கடவுள் கைவிட்டுவிட்டாரோ என்று தவித்தார். இதை 2019ல் வெளியிட்ட புத்தகத்தில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இரண்டரை மணி நேரப் பிரசங்கத்தை விட அந்த ஒப்புதல் கனமானது.

2018 அக்டோபர் 12. கோர்ட்டில் சில சாட்சிகள் பழைய வாக்குமூலத்திலிருந்து பின்வாங்கினார்கள். அப்படியும் தீர்ப்பு 'குற்றவாளி'தான்! 3 வருடம், 1 மாதம், 15 நாள் தண்டனை. ஏற்கெனவே காவலில் இருந்த காலத்தைக் கணக்கில் எடுத்து, போகலாம் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் அவர் வாஷிங்டனில் இருந்தார்.