ஓடாத கார்கள் 43

என்னிடம் 43 கார்கள் இருக்கின்றன. வருமான வரிக்காரர்கள் பரபரப்பாக வேண்டாம். ஒன்றுகூட ஓடாது. போர்ஷே, நிஸான் ஸ்கைலைன், மினி கூப்பர் என்று பெரிய இடத்துப் பிள்ளைகள்தான். ஆனால் பெட்ரோல் செலவு கிடையாது, பார்க்கிங் தகராறு கிடையாது, இன்ஷூரன்ஸ்காரர் மத்தியானத் தூக்கத்தில் போன் பண்ணுவது கிடையாது. ஒன்பது கார்கள் கண்ணாடி ஷோகேஸில் நிற்கின்றன. பாக்கி 34-ம் பீரோவுக்கு மேல், அட்டைப்பெட்டிக்குள், துண்டு துண்டாக, 'இவன் என்றைக்காவது நம்மை ஒட்டுவான்' என்று காத்திருக்கின்றன.

ஆபீஸில் விஷயம் தெரிந்ததும் பக்கத்து ஸீட் நண்பர் விசாரணைக் கமிஷன் வைத்துவிட்டார்.

"ரிமோட் உண்டா?"

"கிடையாது."

"சாவி குடுத்தா ஓடுமா?"

"ஓடாது."

"லைட்டாவது எரியுமா?"

"எரியாது."

"எவ்வளவு குடுத்தீங்க?"

"மூவாயிரத்துச் சொச்சம்."

"முழு காராத்தானே குடுக்கறான்?"

"இல்லை. நாமதான் ஒட்டிக்கணும்."

மூவாயிரம் ரூபாய் கொடுத்து வேலையையும் சேர்த்து வாங்கி வருகிற ஆசாமியை அவர் அதுவரை பார்த்ததில்லை. "சம்பளம் குடுக்கற வேலையையே இங்க முடிக்க முடியலை..." என்று முனகிவிட்டு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பிளாஸ்டிக் மாடல் கிட் என்றால் இதுதான். பெட்டியைத் திறந்தால் காரைக் காணோம்! நாலைந்து பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மாவிலைத் தோரணம் மாதிரி பாகங்கள் தொங்கும். ஸீட், ஸ்டியரிங், சைலன்ஸர், தும்மினால் காணாமல் போகிற ஸைடு மிர்ரர் என்று சுமார் நூறு துண்டுகள். உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி வார்க்கிறார்கள். குழம்பு ஓடிய வாய்க்காலும் பாகங்களோடு சேர்ந்தே இறுகி வந்துவிடுகிறது. அந்த வாய்க்கால்தான் சட்டம். பாலிஸ்டைரீன் என்றதும் மிரள வேண்டாம். டி.வி. பெட்டிக்குள் வருமே தெர்மகோல், அதே பிளாஸ்டிக்தான். அது பொரி, இது அரிசி. அவ்வளவே.

இதற்கான பசை, பசையே அல்ல. பிளாஸ்டிக்கை லேசாகக் கரைத்து, இரண்டு துண்டையும் ஒரே துண்டாக்கிவிட்டுத் தான் ஆவியாகிப் போய்விடும். மெல்லிய பிரஷ்ஷால் இணைப்பில் தொட்டால் போதும். இடுக்கு முழுக்கத் தானே ஓடிப் பரவிக்கொள்ளும். ஏறக்குறைய வெல்டிங், தீப்பொறி மட்டும் மிஸ்ஸிங். காய்ந்த பிறகு டைவர்ஸ் கிடையாது.

பெட்டியின் மேல் 1/24 என்று போட்டிருக்கும். நிஜக் காரின் ஒரு அடி இங்கே அரை அங்குலம். நாலேகால் மீட்டர் சொச்சம் நீளமுள்ள போர்ஷே 911, பதினெட்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஐந்தரை அடி ஆசாமி இரண்டேமுக்கால் அங்குலம் ஆகிவிடுவார். இந்தக் கணக்கு பெயிண்ட்டுக்கும் உண்டு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நிஜக் காரில் பெயிண்ட்டின் மொத்த கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். அதே கனத்தை மாடலுக்கு அடித்தால் 24-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட இரண்டரை மில்லிமீட்டர். காருக்கு சிமென்ட் பூசின மாதிரி கதவு இடுக்கெல்லாம் அடைந்து போகும். அதனால் பனி படிகிற மாதிரி மெல்லிசாக நாலைந்து தரம் ஸ்ப்ரே பண்ண வேண்டும். பட்டி பார்ப்பது, பிரைமர், வாட்டர் பேப்பர், கிளியர் கோட் என்று பெரிய காருக்கு ஷெட்டில் நடக்கிற சடங்குகள் அத்தனையும் இதற்கும் உண்டு. ஷெட்தான் சாப்பாட்டு மேஜை!

நம் ஊரில் இன்னொரு சிக்கல், ஈரக் காற்று. லாக்கர் பெயிண்ட் சட்டென்று ஆவியாகும்போது அந்த இடம் குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழை நாளில் அடித்தால் கறுப்புக் கார்கூட விபூதி பூசின மாதிரி வெளுத்துப் போகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நான் ஒட்டுவதோடு சரி. தை பிறந்தால்தான் பெயிண்ட் பிறக்கும்.

சிவகாசிக்குப் பட்டாசு என்றால் ஜப்பானில் ஷிஸுவோகாவுக்கு மாடல் கிட். தாமியா, ஹஸேகாவா, ஃபுஜிமி, ஆவோஷிமா என்று இந்தத் தொழிலின் பெரிய தலைகள் எல்லாம் அந்த வட்டாரம்தான். ஒரு காலத்தில் மரவேலைக்குப் பேர்போன ஊர். தாமியாவே 1946-ல் மரக்கடையாகப் பிறந்த கம்பெனி. 1951-ல் தீப்பிடித்துச் சரக்கு சாம்பலானது. மர வியாபாரத்தை விட்டு மாடல் பக்கம் வந்தார்கள். 1960-ல் முதல் பிளாஸ்டிக் கிட் போட்டார்கள். 1976-ல் வந்த போர்ஷே 934 கிட்டுக்காக, கம்பெனியை நடத்திய ஷுன்சாகு தாமியா என்ன செய்தார் தெரியுமா? நிஜமான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி அக்கக்காகக் கழற்றிப் பார்த்தார். மனிதர் 2025-ல் தன் 90-வது வயதில் காலமானார்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் வந்தார்கள். கார் ஷோரூமில் வைக்கக் குட்டிக் கார் செய்துகொண்டிருந்த ஏஎம்டி கம்பெனி, 1958-ல் 'ஒரே பெட்டியில் மூன்று' என்று கிட் போட்டது. ஷோரூமில் இருக்கிறபடி ஒட்டலாம், அலங்காரம் பண்ணி ஒட்டலாம், ரேஸ் காராக ஒட்டலாம். ஏதாவது ஒன்றுதான். மற்ற இரண்டு கார்களின் பாகங்கள் மிஞ்சும். அமெரிக்கப் பையன்களுக்கு பத்து வயதிலேயே ஒரு தத்துவம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது!

இதையெல்லாம் படிக்கப் படிக்க, கூடவே ஒரு வியாதியும் தொற்றிக்கொள்ளும். பெட்டி சேர்க்கிற வியாதி. ஸ்கூலில் தண்ணீர்த் தொட்டிக் கணக்கு போட்டிருப்பீர்கள். ஒரு குழாய் நிரப்பும், ஒரு குழாய் காலி பண்ணும், தொட்டி எப்போது காலியாகும்? ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உட்கார்ந்தால் ஒரு காருக்கு நாலு மாதம். வருஷத்துக்கு மூன்று. 34-ஐ முடிக்கப் பதினோரு வருஷத்துக்கு மேலாகும். இதற்கிடையில் வருஷத்துக்கு நாலு பெட்டி வந்து சேர்கிறது. விடை: தொட்டி காலியாகவே ஆகாது. உலகம் பூரா இந்த ஆசாமிகள் இப்படித்தான். 'ஆயுளுக்கு மிஞ்சிய கையிருப்பு' என்று இங்கிலீஷில் இதற்கு ஒரு பெயரே வைத்துச் சிரித்துக்கொள்வார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், பெரம்பூர் வீட்டுக்குப் போகிற வரை.

அவரை நான் சந்தித்தது புதுப்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடையில். 2000-ம் நம்பர் வாட்டர் பேப்பர் கேட்டு நின்றேன். பக்கத்தில் நின்ற பெரியவர் திரும்பி, "கார் பெருசா, சின்னதா?" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் சென்னையில் ரொம்பக் கொஞ்சம். அன்றைக்கே சிநேகமாகிவிட்டோம். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். வீட்டில் அறுபது பெட்டிகள். ஒட்டி முடித்தது நாலே நாலு.

"ரிட்டயர் ஆனதும் செய்யலாம்னு சேர்த்தேன் தம்பி. ரிட்டயர் ஆனேன், கண்ணும் சேர்ந்து ரிட்டயர் ஆயிடுச்சு" என்று சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து அவர் சம்சாரம் போன் பண்ணினார். "தம்பி, அவரோட பெட்டியெல்லாம் என்ன விலை போகும்னு வந்து பார்த்துச் சொல்லுங்க. பையன் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுடலாம்ங்கறான்."

பழைய பேப்பர்காரனா! மறு ஞாயிறே நோட்டுப் புத்தகத்தோடு போய்விட்டேன். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து விலை எழுதினேன். இந்தச் சந்தையின் சட்டம் விசித்திரமானது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காத பெட்டிக்கு ஒசத்தி விலை. பிரித்தது என்றால் விலை இறங்கும். பாகத்தை வெட்டியிருந்தால் இன்னும் இறங்கும். ஒட்டி, பெயிண்ட் அடித்து முடித்த காருக்கு அநேகமாக விலையே கிடையாது. இதை அந்த அம்மாவிடம் எடுத்துச் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டு, "அப்ப அவர் செஞ்சதுதான் மட்டமா?" என்றார்.

"விலைக்கு மட்டும்தாம்மா..."

அந்த அம்மா ஷோகேஸைத் திறந்து நாலு கார்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். "இந்தச் செவப்புக் காருக்கு மொட்டை மாடியில பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு, கொடியில காஞ்ச என் வெள்ளைப் புடவையும் செவப்பாச்சு. ஒரு வாரம் நான் பேசலை." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "இது நாலும் இருக்கட்டும். மத்ததை வித்துடுங்க தம்பி. அதெல்லாம் கடையிலேர்ந்து வந்தபடியே இருக்கு. அது கடைக்காரனோடது" என்றார்.

என் பீரோவுக்கு மேல் கடைக்காரனுடையது எத்தனை என்று பஸ்ஸில் வரும்போது கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தெரிந்த சேகரிப்பாளர்களிடம் சொல்லி இரண்டு மாதத்தில் எல்லாவற்றையும் நல்ல விலைக்கு விற்றுக் கொடுத்தாயிற்று. ஒன்றை மட்டும் சந்தை விலை கொடுத்து நானே எடுத்துக்கொண்டேன். ஏஎம்டியின் 1957 ஷெவ்ரலே பெல்ஏர். பின்னால் மீன் துடுப்பு மாதிரி இரண்டு இறக்கை உள்ள கார். மருமகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து தந்ததாம். அன்றைக்கு ராத்திரியே பிரித்தேன். மேல் தாள் கிழிந்த கணத்தில் சந்தையில் பாதி விலை போயிற்று!

பெட்டிக்குள் ஒரு சமாசாரம் நடந்திருந்தது. அந்தக் கால டயர்கள் மெத்தென்ற வினைல். மெத்தென்று இருப்பதற்காக ஒரு எண்ணெய் மாதிரி சேர்ப்பார்கள். வருஷக்கணக்கில் அது கசியும். பக்கத்தில் பாலிஸ்டைரீன் பட்டால் அதைக் கரைக்கும். இத்தனை வருஷமாக மூடிய பெட்டிக்குள் டயர், முன் கண்ணாடியை மெதுவாகத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. கண்ணாடியில் பிறை வடிவத்தில் தழும்பு. தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டுகிற 'டீகால்' தாள் பழுப்பேறியிருந்தது. பிரிக்காத பெட்டி பாங்க் லாக்கர் மாதிரி என்று நினைப்பவர்கள் கவனிக்க. விலை விஷயத்திலும் அதே கதைதான். எஃகு அச்சு லேசில் சாகாது. பழைய ஏஎம்டி அச்சுகள் பலவற்றிலிருந்து ரவுண்ட் 2 என்ற அமெரிக்கக் கம்பெனி இன்றைக்கும் புதிதாக வார்த்து விற்கிறது. அபூர்வம் என்று பத்து வருஷம் அடைகாத்த பெட்டி, புது அட்டையில் கடைக்கு வந்துவிட்டால் அன்றைக்கே சாதாரணம் ஆகிவிடும்.

டீகால் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் படும்படி ஒட்டிவைத்தேன். வெயில் பழுப்பை வெளுக்கும். சென்னை வெயிலுக்கு முதன்முதலாக நன்றி சொன்னேன். நல்லவேளை, தழும்பு ஆழமில்லை. 2000-ம் நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிறகு பற்பசையால் மெருகேற்றினேன். கண்ணாடி தெளிந்துவிட்டது. ("இந்த மாசம் பேஸ்ட் ஏன் சீக்கிரம் தீர்ந்துபோச்சு?" என்று வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.) ஐப்பசியில் ஒட்டி, தை மாதம் பெயிண்ட். உடம்பு மயில்கழுத்து நிறம், கூரை வெள்ளை.

இப்போது வீட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். ஒரு கார் ஷோகேஸுக்குப் போனால்தான் ஒரு பெட்டி உள்ளே வரலாம். முதல் கிட் வாங்கப் போகிற இளைஞர்களுக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். மலிவாக ஒன்று வாங்குங்கள். வாங்கின அன்று ராத்திரியே பிரித்து ஒரு துண்டையாவது வெட்டிவிடுங்கள். அதோடு விற்கிற யோசனை போய்விடும், செய்கிற யோசனை வந்துவிடும். ரிட்டயர்மென்ட்டுக்கு பி.எஃப். சேருங்கள், ஸைடு மிர்ரர் ஒட்டுகிற வேலையைச் சேர்க்காதீர்கள். அதற்குக் கண் வேண்டும்.

ஷெவ்ரலே காய்ந்ததும் பெரம்பூருக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். அந்த அம்மா வாங்கி, கூரையை விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா அவர் அடிச்சா இன்னும் வழவழன்னு இருக்கும்" என்றார்.

மறுப்பதற்கில்லை. நான் கிளார்க். அவர் ஃபிட்டர்.