ஒரு நூல் இடம்

ரம்பத்தைத் தொடுவதற்கு முன் ஆசாரி காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். உத்தரத்தின் மேல் அதை இழுத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் டக்கென்று ஒட்டிக்கொண்டது. "உள்ள ஆணி கெடக்கு தம்பி. பாக்காம அறுத்தா பல்லு போயிரும்."

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டின் கொல்லையில் தகரக் கொட்டகை, அதுதான் பட்டறை. செட்டிநாட்டு வீடொன்றை இடித்தபோது கிடைத்த உத்தரம் ஆறடி அலமாரியாகிக்கொண்டிருந்தது. நகரத்தார் பர்மாவில் வட்டிக்கடை நடத்திய காலத்தில் கப்பலில் வந்த தேக்கு. உருட்டுமர ஏற்றுமதியை மியன்மார் 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. "வீடு இடியிறதப் பாத்தா சங்கடமாத்தான் இருக்கு. என்ன செய்ய, நல்ல மரம் அங்கதான கெடைக்கு" என்றார்.

தேக்கில் சிலிக்கா உண்டு. உளி சீக்கிரம் மழுங்கும். கூட வேலை செய்யும் தங்கச்சி மகன் அடிக்கொரு தரம் எழுந்துபோய்க் கல்லில் எண்ணெய் விட்டு உளி தீட்டினான்.

நான் கதவு வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுஞ்சட்டம் இரண்டு, குறுக்குச்சட்டம் இரண்டு. குறுக்குச்சட்டத்தின் முனையில் நாக்கு, நெடுஞ்சட்டத்தில் அது போய் உட்காரத் துளை. ஆசாரி நாக்கைத் துளையில் விட்டுக் கையால் தள்ளினார். பாதியில் நின்றது. "கையாலயே முழுசும் போனா லூசு. ஓங்கி அடிச்சாத்தான் போகும்னா சட்டம் வெடிச்சிரும்." நாக்கின் பக்கத்தில் உளியைப் படுக்கவைத்து இரண்டே சீவல் சீவினார். உதிர்ந்தது வெங்காயத் தோல் கனம்கூட இல்லை. பையன் கொட்டாப்புளியால் தட்டினான். மூன்றாவது தட்டில் இரண்டு சட்டமும் ஒட்டிக்கொண்டன. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இணைப்பில் ஒரு கோடு, அவ்வளவுதான்.

நடுப்பலகை உட்காருவதற்குச் சட்டத்தின் உள்விளிம்பில் காடி எடுத்திருந்தார்கள். பையன் பசை டப்பாவை எடுத்தான். "மாமா, பலகைக்கும் வச்சிரவா?"

"வச்சியன்னா சித்திர வெயில்ல நடுவுல வெடிக்கும்டா. மூலைக்கு மட்டும் வையி."

பலகையைக் காடிக்குள் சும்மா நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரு நூல் இடம் விட்டார். தச்சுக் கணக்கில் எட்டு நூல் ஒரு அங்குலம். மரம் அறுத்து எத்தனை காலமானாலும் காற்றின் ஈரத்தைக் குடித்து அகலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். நீளத்தில் அசைவது மிகக் குறைவு. பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது வளையத்தின் போக்கில் சுமார் 6 விழுக்காடு சுருங்குகிறது, ஆரத்தின் போக்கில் அதில் பாதிகூட இல்லை. மற்ற பல மரங்களோடு பார்த்தால் இது குறைவு. இருந்தும் பசை வைத்து இறுக்கினால் பலகையோ சட்டமோ ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

முதுகுப் பக்கத்துக்கு மட்டும் பிளைவுட் அடித்திருந்தார். முழுக்கத் தேக்கு கேட்டவரிடம் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தாராம். எனக்கும் அது சரி என்றே பட்டது. தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் பிளைவுட் அதிகம் அசையாது. சுவரைப் பார்த்து நிற்கும் பக்கத்துக்குப் பர்மா தேக்கு வீண் செலவு. பிளைவுட் என்றாலே முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் உளி பிடிக்காதவர்கள்.

பாலிஷுக்கு அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டிருந்தார்கள். மழை ஈரத்தில் தேய்த்தால் வெளுத்துப்போகும் என்பதால் அந்த வேலை வெயிலுக்குக் காத்திருந்தது. அதற்குள் போன். "மழ விடட்டும் அண்ணாச்சி, தந்துர்றேன்" என்று இரண்டு தடவை சொல்லி வைத்தார்.

கூலியை மொத்தமாகப் பேசியிருக்கிறார், நாள்கணக்கில் இல்லை. நாக்கைச் சீவிச் சீவிப் பார்க்கிற நேரத்துக்குத் தனியாகக் காசு கிடையாது. அடுத்து என்ன வேலை என்று கேட்டேன்.

"மாடுலர் கிச்சன் தம்பி. முழுக்க பிளைவுட்டு." அதில்தான் நாலு காசு மிஞ்சுமாம்.