சீட்டுப் போடும் கை

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் திருத்தணியில் கால் வைக்க இடம் கிடையாது. சரவணப் பொய்கைக் கரையெல்லாம் பூக் காவடி. அரோகரா சத்தத்துக்கு நடுவே பாதிப் பேர் தெலுங்கில் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒருவரைத் தேடித்தான் போயிருந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார்: "நம்ம ஊர்ப் பையன் சார். கோவாவுல கப்பல் கேசினோவுல சீட்டுப் போடுறான். காவடி எடுக்க லீவுல வந்திருக்கான்."

நகரி சாலையில் வீடு. மாடியில் பாய் விரித்து உட்காரவைத்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் மாலை, இடுப்பில் மஞ்சள் வேட்டி. பெயர் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். "இங்க எல்லார்கிட்டயும் ஓட்டல் வேலைன்னுதான் அம்மா சொல்லி வச்சிருக்காங்க."

தொழிலைக் கொஞ்சம் காட்டுங்கள் தம்பி என்றேன். விரதத்தில் சீட்டைத் தொட மாட்டாராம். கீழே போய்த் தங்கையின் கேரம் காய்களை எடுத்து வந்தார். சிவப்பைத் தனியே வைத்துவிட்டு மற்றதை ஒரே தூணாக அடுக்கினார். வலது கை அதன் மேல் கவிந்து நகர்ந்தது. டக், டக், டக் என்று மூன்று குட்டித் தூண்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து. நாலாவது மட்டும் குட்டையாக நின்றது. அவர் எண்ணவே இல்லை. "மூணு. இருபதுக்கு ரெண்டு குறையுது சார்" என்றார். கேரமில் கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது. கணக்கு சரிதான். இருபது சிப் கொண்ட அடுக்கை ஐந்தைந்தாகப் பிரிக்கக் கைக்குப் பழக்கினால் கண்ணுக்கு வேலை மிச்சமாம். உயரம் பார்த்தாலே போதும்.

பிறகு முதல் ஐந்தை மட்டும் பாயில் வரிசையாகப் பரப்பினார். "இது எதிர்ல இருக்கறவருக்கு இல்ல. மேல இருக்கற கேமராவுக்கு." கடைசியாக உள்ளங்கைகளை ஒரு முறை தட்டி, விரல்களை விரித்து, மேலும் கீழும் திருப்பிக் காட்டினார். மேசையை விட்டு நகரும்போதெல்லாம் கையில் ஒன்றுமில்லை என்று இப்படிக் காட்டியே தீர வேண்டும். மூக்கு அரித்தாலும் அப்படித்தான். சீருடையில் பாக்கெட் கிடையாது.

காபி கொண்டு வந்த அம்மா சிரித்தார்: "கடையில சில்லற வாங்கினாக்கூட இப்பிடித்தான் கைய விரிச்சிக் காட்டறான். கடைக்காரர் இன்னாடா ஆச்சு இவனுக்குன்னு கேக்கறாரு."

இரவு முழுக்க நின்றபடி வேலை. ஒரு மணி நேரம் மேசை, இருபது நிமிஷம் ஓய்வு. அவருக்குப் பின்னால் ஒரு மேற்பார்வையாளர், அவருக்கும் மேலே இன்னொருவர், எல்லோருக்கும் மேலே கேமரா. ஜெயித்தவர் கொடுக்கும் டிப்ஸ் மேசையில் இருக்கும் பெட்டிக்குள் போய் எல்லோருக்கும் பிரியும். தப்பாகச் சீட்டு விழுந்தால் தானாகச் சரிசெய்யக் கூடாது. கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டும்.

என்ன ஆட்டம் அதிகம் என்று கேட்டேன். "நம்ம மங்காத்தாதான் சார். அங்க அந்தர் பாஹர்னு பேரு." உள்ளே, வெளியே. ஒரு சீட்டை நடுவில் திருப்பி வைத்து, அதே எண் வரும்வரை இரண்டு பக்கமும் மாறி மாறிப் போடுவது. பார்த்தால் பாதிக்குப் பாதி என்று தோன்றும். ஆனால் முதல் சீட்டு விழும் பக்கத்துக்கு 100-க்கு 51.5 வாய்ப்பு, மறு பக்கத்துக்கு 48.5. அதனால் முதல் பக்கத்தில் 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 90 ரூபாய் மட்டும் கொடுப்பது கேசினோக்களில் வழக்கம். கணக்குப் போட்டால் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் முதல் பக்கத்தில் சராசரியாக 2 ரூபாய் 15 காசு, மறு பக்கத்தில் 3 ரூபாய் கேசினோவிடம் தங்கும். யாரையும் ஏமாற்றத் தேவையே இல்லை. நேர்மையாகச் சீட்டைப் போட்டுக்கொண்டே இருந்தால் போதும். அந்த நேர்மைக்குத்தான் இவருக்குச் சம்பளம்.

இதே மங்காத்தாவைத் திருத்தணியில் ஒரு தோப்பில் இடம் கொடுத்து நடத்தினால் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டப்படி வழக்கு வரும். மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடலாம். செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967-ல் உச்ச நீதிமன்றம், ரம்மிக்கு முக்கியமாகத் திறமைதான் வேண்டும், மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்று பிரித்துவிட்டது. கோவாவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1992-ல் திருத்தியபோது ஐந்து நட்சத்திர ஓட்டல்களுக்கு மின்னணு இயந்திரங்கள் கிடைத்தன. 1996 திருத்தம் மேசை ஆட்டங்களைக் கப்பலுக்கு அனுமதித்தது. அதனால்தான் பணஜியில் மாண்டவி ஆற்றில் அந்தக் கப்பல்கள் மிதக்கின்றன.

2020 பிப்ரவரி 1 முதல் கோவாக்காரர்கள் அங்கே போய் ஆடக் கூடாது என்று அந்த அரசே தடுத்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். ஐதராபாத், பெங்களூர், சென்னை. இங்கேதான் தம்பிக்குத் திருத்தணி கைகொடுக்கிறது. இந்த ஊர் 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்தால் இந்தப் பக்கம் வந்தது. கோடு மாறினாலும் வீட்டில் இரண்டு பாஷையும் நிற்கவில்லை. "நேர்முகத்துல தமிழும் தெலுங்கும் பேசுவியான்னுதான் முதல்ல கேட்டாங்க. கணக்கு அப்புறம்தான்."

பாஷை தெரிவதில் ஒரு கஷ்டமும் உண்டு. திட்டுவது புரியும். நாலு ஆட்டம் தோற்றதும், கைராசி இல்லாதவன், ஆளை மாற்று என்பார்கள். தெலுங்கில் திட்டுகிறவர் இவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அம்மாவையும் இழுப்பாராம். முகம் மாறக் கூடாது. "காவடி எடுக்கறப்போ அலகு குத்திக்குவாங்களே, வாய் பேச முடியாம. அந்த மாதிரி நிக்கணும் சார்."

டிசம்பர் 31 வந்தால் இங்கே படித் திருவிழா. மலையின் 365 படிகளுக்கும் பூசை செய்து, படிக்குப் படி திருப்புகழ் பாடி ஏறுவார்கள். வள்ளிமலை சுவாமிகள் 1917-ல் தொடங்கிவைத்தது. சின்ன வயதில் இவரும் ஏறியிருக்கிறார். இப்போது அந்த ராத்திரி கப்பலில் வருஷத்திலேயே பெரிய கூட்டம். லீவு கேட்கவே முடியாது. மழைக்காலத்தில் கோவாவில் கூட்டம் குறையும். ஆடிக் கிருத்திகை அதற்குத் தோதாக வருகிறது.

நீங்கள் ஆடிப் பார்த்ததுண்டா என்று கடைசியாகக் கேட்டேன். வேலை செய்கிறவர்கள் ஆடக் கூடாது என்பது விதி என்றார். சற்றுப் பொறுத்து, "ஒரு ராத்திரி நின்னு பாத்தா யாருமே ஆட மாட்டாங்க சார்" என்றார்.

கோவா போகிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை; தடுத்தாலும் கேட்க மாட்டீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். தோற்றுப் போனால் சீட்டுப் போட்டவரைத் திட்டாதீர்கள். உங்கள் 100 ரூபாயில் தங்கிப்போன அந்த 3 ரூபாய் அவர் கைக்குப் போகவில்லை. கையைத்தான் அவர் விரித்துக் காட்டிவிட்டாரே.