குப்பையென்று சிரித்தோம்

இலைத் தொகுப்பு ஏட்டிற்காக ஆளுக்கொரு கிளை கொண்டு வருமாறு எங்கள் அறிவியல் சிஸ்டர் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ரோஜாவும் செம்பருத்தியும் குரோட்டன்ஸும் கொண்டு சென்றோம். தோழி ஒருத்தி மட்டும் வழியோரத்துக் குப்பைமேனியைக் கொண்டு வந்தாள். "பெயரிலேயே குப்பை இருக்கிறதே!" என்று சிரித்தோம். அவள் தலை குனிந்தாள். சிஸ்டர் எங்களைக் கடிந்து கொள்ளவில்லை. ஒரு கதை சொன்னார்கள்.

இந்துமாக்கடலில் மொரீஷியஸ் நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் என்னும் சிறு தீவு உள்ளது. அதன் பரப்பு சுமார் 108 சதுர கிலோ மீட்டர். மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். உலகிலேயே அத்தீவுக்கு மட்டும் உரிய புதர்ச்செடி 'கஃபே மரோன்'. காப்பிச் செடியும் நம் தோட்டத்து வெட்சியும் அதன் உறவினர்கள். அதன் வெண்மலர் ஐந்து இதழ் விரித்து விண்மீன் போலத் தோன்றும். மனிதர் காடுகளை அழித்தனர். அவர்கள் கொணர்ந்த ஆடுகள் தளிர்களை மேய்ந்தன. செடி பூண்டோடு அழிந்தது என்றே அறிஞர்கள் எண்ணினர்.

1980-ஆம் ஆண்டையொட்டி அத்தீவின் பள்ளி ஆசிரியர் ஒருவர், தீவுக்கே உரிய செடிகளைத் தேடி வருமாறு மாணவர்களை அனுப்பினார். சிறுவன் ஒருவன் ஒரு கிளையோடு வந்தான். ஆசிரியர் அதை அலட்சியம் செய்யவில்லை. லண்டனிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவினர் ஆராய்ந்தனர். அது கஃபே மரோனே! எஞ்சியிருந்ததோ ஒரே ஒரு செடி. மருந்துக்கென்று மக்கள் கிளைகளை ஒடித்ததால் அதைச் சுற்றி வேலி அமைத்தார்கள். 1986-இல் சில துண்டுகள் விமானத்தில் கியூவுக்குச் சென்றன. ஒன்று வேர் பிடித்துப் பூத்தது; ஆனால் பல ஆண்டுகள் விதையே இல்லை. 2003-இல் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் பலமுறை முயன்று அதைக் காய்க்க வைத்தார். பின்னர் விதைகள் தாய்த்தீவுக்கே திரும்பின.

வகுப்பில் அமைதி நிலவியது. அச்சிறுவன் எங்கள் வகுப்பில் இருந்திருந்தால் அவனுடைய கிளை குப்பைத் தொட்டிக்கல்லவா போயிருக்கும்! இந்த எண்ணம் எங்களைச் சுட்டது.

"உன் செடியைப் பற்றிச் சொல்லம்மா" என்றார்கள் சிஸ்டர். அவள் மெல்ல எழுந்து, சொறி சிரங்குக்குத் தன் பாட்டி அதன் இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசுவார் என்றாள். எங்கள் ரோஜாக்களைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

இடைவேளையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். எங்கள் ஏட்டின் முதற் பக்கத்தில் குப்பைமேனியே ஒட்டப்பட்டது. கட்டுவோர் தள்ளிய கல்லைப் பற்றிக் கோவிலில் பலமுறை கேட்டிருக்கிறோம். அன்றுதான் அதன் பொருள் எங்களுக்கு விளங்கிற்று.

– பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு