ஈம் கிராமத்து ஆலயம்

இங்கிலாந்து தேசத்தின் டார்பிஷயர் மாவட்டத்தில், ஷெஃபீல்டு நகரத்திற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், மலைகளுக்கிடையே அமைந்துள்ள சிற்றூர் ஈம். அந்தப் பெயரைக் கேட்டதும் தமிழ்ச் செவிக்கு ஈமக்கிரியைகள் நினைவுக்கு வரும். அவ்வூரின் வரலாறும் அதற்கு ஏற்றதாகவே இருக்கிறது.

ஊரின் நடுவே பரிசுத்த லாரன்ஸ் ஆலயம் நிற்கிறது. மத்திய காலத்தில் கட்டப்பட்டு, பின்வந்த நூற்றாண்டுகளில் பலமுறை திருத்தப்பட்ட கற்கட்டடம் அது. முற்றத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கற்சிலுவை ஒன்று, தண்டின் ஒரு பகுதியை இழந்து குட்டையாக நிற்கிறது. தென்சுவரில் 1775ஆம் ஆண்டின் சூரியக் கடிகாரம். உள்ளே சுவரில் இஸ்ரவேல் கோத்திரங்களின் சின்னங்கள் மங்கிய வண்ணத்தில் தெரிகின்றன. எளிய மண்டபங்களில் ஆராதித்துப் பழகிய நமக்கு, வண்ணக் கண்ணாடிகளும் சித்திரங்களும் சற்றே அந்நியமாகத் தோன்றலாம். ஆயினும் அங்கே வைக்கப்பட்டிருக்கும் ஒரு பெயர்ப்பட்டியலின் முன் எந்தச் சபையாரும் மௌனமாகிவிடுவர்.

1665ஆம் ஆண்டு லண்டன் நகரைக் கொள்ளைநோய் வாட்டியது. அங்கிருந்து ஈம் கிராமத்துத் தையற்காரர் ஒருவருக்குத் துணி மூட்டை வந்து சேர்ந்தது. ஈரமாயிருந்த துணியை நெருப்பருகே விரித்து உலர்த்திய ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் சில நாட்களில் நோயுற்று மரித்து, செப்டம்பர் 7ஆம் தேதி அடக்கம்பண்ணப்பட்டார். துணியோடு வந்த தெள்ளுப்பூச்சிகளே நோயைக் கொண்டுவந்தன என்று பொதுவாகக் கூறுவர். குளிர்காலத்தில் சற்றுத் தணிந்த நோய், 1666ஆம் ஆண்டின் கோடையில் முன்னிலும் கொடிதாக எழும்பியது.

அப்பொழுது அவ்வூரின் போதகர் வில்லியம் மொம்பெசன். இளைஞர், வந்து அதிக காலம் ஆகாதவர், மக்களின் நம்பிக்கையை இன்னும் பெறாதவர். மக்கள் நேசித்த முந்தைய போதகர் தாமஸ் ஸ்டான்லியோ அதே ஊரில்தான் இருந்தார். பொது ஜெபப் புத்தகத்தின்படியே ஆராதிக்க வேண்டும் என்ற 1662ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு உடன்படாமல் ஊழியத்தை இழந்தவர் அவர். இவ்விருவரும் ஒருவரையொருவர் தவிர்ப்பதற்கு எல்லா நியாயமும் இருந்தது. (ஒரே தெருவில் மூன்று சபைகள் இருந்தும், போதகர்கள் முகம் பாராமல் கடந்துபோகும் நம் நகரங்களை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.) ஆனால் 1666 ஜூன் மாதத்தில் இருவரும் ஒன்றாக நின்று மக்களிடம் பேசினார்கள்.

அவர்கள் வேண்டியவை கடினமானவை. மரித்தோரை ஆலய முற்றத்தில் அல்ல, அவரவர் தோட்டத்திலும் வயலிலும் குடும்பத்தாரே புதைக்க வேண்டும். ஆலயத்தைப் பூட்டிவிட வேண்டும். நோய் அயலூர்களுக்குப் பரவாதபடி ஒருவரும் எல்லையைக் கடக்கலாகாது. மக்கள் இதற்கு இணங்கினார்கள். டெவன்ஷயர் பிரபு உணவுப்பொருட்களை அனுப்ப உதவினார். எல்லைக் கல்லில் குடையப்பட்ட குழிகளில் காடியை ஊற்றி, அதில் நாணயங்களை இட்டு, அயலார் வைத்துச்சென்ற பொருட்களைப் பெற்றுக்கொண்டார்கள்.

ஞாயிறு ஆராதனையோ நிற்கவில்லை. ஊருக்கு அருகேயுள்ள குக்லெட் டெல்ஃப் என்னும் பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக விலகி நின்று தேவனைத் தொழுதார்கள். 2020ஆம் ஆண்டில் ஆலயங்கள் மூடப்பட்டபோது, கதவடைப்பது அவிசுவாசமா என்று நம்மிடையே எழுந்த விவாதங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 91ஆம் சங்கீதத்தை அறிக்கையிட்டும் அன்பானவர்களை அடக்கம்பண்ணிய குடும்பங்கள் நம் சபைகளில் உண்டு. அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லும் நாவை நான் அஞ்சுகிறேன். ஈம் மக்களும் ஜெபித்தார்கள். ஏறத்தாழ 260 பேர் மரித்தார்கள்.

ஊருக்குச் சற்று வெளியே ரைலி கல்லறைகள் உள்ளன. 1666 ஆகஸ்ட் மாதத்தில், எட்டே நாட்களுக்குள், எலிசபெத் ஹான்காக் என்னும் தாய் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே அங்கே புதைத்தாள். தாழ்ந்த கற்சுவர் சூழ்ந்த அந்தச் சிறு நிலத்தில் நிற்பவர்களுக்குப் பேச்சு எழும்பாது.

மொம்பெசன் தம் இரு பிள்ளைகளை முன்னதாகவே வெளியூருக்கு அனுப்பிவிட்டிருந்தார். இதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. தகப்பனாக இருப்பவர்கள் அவசரப்பட்டுத் தீர்க்கமாட்டார்கள். அவருடைய மனைவி கேத்தரின், பிள்ளைகளோடு போகும்படி அவர் வேண்டியும் மறுத்து, கணவனருகே தங்கி, ஆகஸ்ட் 25ஆம் தேதி மரித்தாள். ஆலய முற்றத்தில், அந்தப் பழைய கற்சிலுவைக்கு அருகில் அவளுடைய கல்லறை இருக்கிறது. நவம்பர் மாதத் தொடக்கத்தில் நோய் ஓய்ந்தது.

ஸ்டான்லி 1670ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே மரித்தார். மொம்பெசனோ பின்னர் நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள ஈக்ரிங் சபைக்குச் சென்றார். கொள்ளைநோய் ஊரிலிருந்து வந்தவர் என்று அங்குள்ளோர் அவரை உள்ளே சேர்க்க அஞ்சினார்களாம். சிலகாலம் ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தங்கி, மரத்தடியில் நின்று பிரசங்கித்தார். அந்த இடத்தில் இன்று ஒரு சிலுவை நாட்டப்பட்டிருக்கிறது.

ஈம் செல்ல விரும்புவோர் ஆகஸ்ட் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்துகொள்வது நலம். அன்று கிராமத்தார் ஆலயத்தை விட்டு ஊர்வலமாகப் புறப்பட்டு, குக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கிலேயே ஆராதனை நடத்துவது வழக்கம்.